கொக்கி அக்காவும் தானாகப் பூட்டும் கதவும்

பயப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால், கொக்கி அக்கா அதில் பெயர் கொடுக்கவே பயப்படுவாள். லிஃப்ட் என்றால் பயம், நாய் என்றால் பயம், சீருடை போட்ட யாரைக் கண்டாலும் பயம். ஆனால் பழைய கடைவீதியின் பொதுக் கழிப்பறையை இருபத்திரண்டு வருஷம் அவள் கட்டி மேய்த்தது அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்து வெளிக்கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், பொத்தான் கடைக்காரர் உள்ளே மயங்கிக் கிடக்கிறார். மனிதர் பிழைத்துக்கொண்டார். இவளுக்கு அன்றைக்குப் பிடித்த நடுக்கம்தான் விடவில்லை. மறுநாளே சுவரில் பன்னிரண்டு கொக்கிகளை அடித்தாள். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் ஒரு பொருளை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பையோ, தொப்பியோ, எதுவும் இல்லாதவர் கைக்குட்டையாவது. கொக்கியில் பொருள் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டும் காலியானால்தான் பூட்டைத் தொடுவாள்.

"எனக்கு உயிர் போகுது, உனக்குத் தொப்பி கேக்குதா?" என்று அவசரக்காரர்கள் கத்துவார்கள். கடைவீதியே கேட்டுச் சிரிக்கும். அவள் கையை நீட்டியபடியே நிற்பாள்.

வெளியூர்க்காரர்கள் நிறைய வர ஆரம்பித்ததும் நகராட்சிக்கு ஞானோதயம் பிறந்தது. நூறு வருஷத்துக் கட்டடங்களுக்கு வெள்ளையடித்தார்கள். உட்கார பெஞ்சு, தொட்டால் வழி சொல்லும் திரை, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பம் என்று வரிசையாக வந்தன. கடைசியில் பழைய கழிப்பறையை இடித்துவிட்டு மூன்று இரும்பு அறைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆள் வெளியே வந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். விளக்கு அணையும். சுவரிலிருந்து மருந்துத் தண்ணீர் பீய்ச்சியடித்து அறை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். 

"உள்ள ஆள் இல்லேன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?" என்று நகராட்சி மேற்பார்வையாளரிடம் அக்கா கேட்டாள்.

"தரைக்குக் கீழ எடை பாக்குற கருவி இருக்கும்மா. தரையில ஆள் நின்னா கழுவாது."

"கால் எட்டாத சின்னக் குழந்தை மேல உக்காந்திருந்தா?"

"அம்மா கூட நிப்பாங்கல்ல? எதுக்கெடுத்தாலும் கலவரம் பண்ணாதீங்க."

கூடவே இரண்டு கட்டளைகள். கொக்கி கூடாது; ஊர் பார்க்க வருகிறவர்களின் பையில் கைவைப்பதாகப் புகார் வரும். ஆபத்துக்கென்று வெளியே வைத்திருக்கும் சிவப்புப் பொத்தானை வீணாக அழுத்தக் கூடாது. அழுத்தினால் மூன்று அறைகளும் நின்றுபோய், கடைவீதி முழுக்கச் சங்கு அலறும்.

"ஒரு தடவை சும்மா அழுத்தினாலும் வேலை போச்சு. மூணு மாசம் பாத்துட்டுத்தான் உங்களை நிரந்தரமாக்கச் சொல்லியிருக்காங்க."

வீட்டில் கணவர் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார். இந்த வயதில் இவளுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? தலையாட்டிவிட்டு வந்தாள்.

திறப்பு விழாவன்று ஒலிபெருக்கியில் பாட்டு காதைப் பிளந்தது. கோட்டு போட்ட விருந்தினர்களுக்கு மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது கடிகாரக் கடைக்காரரின் மருமகள் தன் நாலு வயது மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். நடக்கப் பழகிய நாள் முதல் அந்தக் குழந்தைக்கு இங்கே வழக்கம் தெரியும். கையிலிருந்த மஞ்சள் குடையை நீட்டியது.

"அத்தே, இந்தா."

அக்கா மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவரும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் கண்ணு. நீயே வெச்சுக்கோ."

குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவோடு உள்ளே போனது.

விருந்தினர் ஒருவர் ஏதோ கேட்க, அக்கா பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். மருமகள் தூரத்தில் சார்ஜ் கம்பத்தருகே முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அறையின் கதவு மூடியிருந்தது. உள்ளே தண்ணீர் பாயும் சத்தம். குழந்தை எங்கே? தாத்தாவின் கடைக்கு ஓடியிருக்குமோ? பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தாள். சுவர் மொட்டையாக இருந்தது.

மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

"சார், நிறுத்துங்க சார்! உள்ள குழந்தை!"

"கதவு மேல இருக்குற திரையில காலின்னு காட்டுதேம்மா," என்று அவர் பல்லைக் கடித்தார். "பெரியவங்க முன்னாடி மானத்தை வாங்காதீங்க."

அவள் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

சங்கு அலறியது. பாட்டு நின்றது. கடைவீதியே திரும்பிப் பார்த்தது. பாழாய்ப்போன கதவோ ஆற அமரத்தான் திறக்கும். வேலை போகட்டும், குழந்தை மட்டும் உள்ளே இருக்கக் கூடாது என்று தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. மருந்து நெடி மூக்கை அறுத்தது. இருட்டில், இருக்கையின் மேல் காலை மடக்கிக்கொண்டு, விரித்த குடைக்குள் குழந்தை உட்கார்ந்திருந்தது. முட்டிக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்து, உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. அக்காவைப் பார்த்த பிறகுதான் அதற்கு வாய் வந்தது.

"நீ ஏன் வாங்கிக்கல?"

கேட்டுவிட்டு வீறிட்டு அழுதது. அக்கா அதை வாரி எடுத்து, முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "சிக்னல் கிடைக்கலன்னு வெளிய வந்தேன், ரெண்டே நிமிஷம்," என்று ஓடிவந்த தாய் தலையில் அடித்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தினர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஒரு வாரம் அறைகள் மூடிக் கிடந்தன. பழுது பார்த்து முடித்த அன்று, யாராவது உள்ளே போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மேற்பார்வையாளர்தான் முன்வந்தார். கதவுவரை போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றி நீட்டினார்.

"புடிங்கக்கா."

மாட்டச் சுவரில் கொக்கி இல்லை. அக்கா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கதவு பூட்டிக்கொண்டது. அவர் வெளியே வரும்வரை கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.