நூறு எம்பிபிஎஸ் லைனுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

ஜெனிபர், சாம்,

அப்பாவை கம்ப்யூட்டர் ரூமிலிருந்து சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்சுக்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து இருவரும் இரண்டு நாளாக என் முகத்தையே பார்க்கிறீர்கள். மாற்றியது உண்மை. தப்புப் பண்ணியதும் உண்மை. ஆனால் தப்புக்காக என்னை மாற்றவில்லை, அதைத் திருத்தியதற்காகத்தான் மாற்றினார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1. நோட்டீஸ் கொண்டுவந்தது நான்தான்

எங்கள் பிரஸ்ஸில் காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிக்கிறோம். டிசைன் முடிந்ததும் ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு, சரிபார்க்க புரூஃப் அனுப்புவோம். அவர் ஓகே சொன்னால்தான் அச்சடிக்க பிளேட் போடுவோம். அந்த புரூஃப் இப்போது நெட்டில்தான் போகிறது. நகைக்கடை காலண்டர் என்றால் ஒரு ஃபைலே இரண்டு ஜிபி வரும். எங்களிடம் இருந்தது பழைய டெலிபோன் வயர் லைன். ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகி ஆர்டர் குவிந்துவிட்டால் அந்த லைன் தாங்காது. சீசனுக்கு முன்னால் நல்ல லைன் பார்க்கச் சொன்னார் முதலாளி.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் குடை போட்டு உட்கார்ந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெட் வேகம் நூறு எம்பிபிஎஸ் என்று கால்பக்கத்துக்குப் போட்டிருந்தது. ஊர் கேபிள்காரர் தங்கப்பாண்டி அண்ணாச்சியிடம் கேட்டபோது நாற்பதுதான் தரமுடியும் என்றார். மாத வாடகையும் அவரிடம் ஒன்றரை மடங்கு. நூறு பெரிதா நாற்பது பெரிதா என்று எனக்குத் தெரியாதா? நோட்டீஸை மேனேஜரிடம் நான்தான் கொடுத்தேன். "இதையே போட்டுருவோம் சார்" என்றும் சொன்னேன்.

மேனேஜர் முதலாளியின் மச்சினர், இன்ஜினியரிங் படித்தவர். அவர் கம்பெனியோடு பேசி, மூன்று வருஷத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் இன்னும் குறையும் என்று முடித்துவிட்டார். கம்பெனி ஆளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்.

2. சித்தி வீட்டில் கிடைத்த பாடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் உங்கள் சித்தி வீட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நீங்கள் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவர்கள் வீட்டில் இருப்பது அதே கம்பெனியின் அதே நூறு லைன்.

அப்போது வெம்பக்கோட்டைப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றிலிருந்து போன் வந்தது. லேபிளில் ஒரு திருத்தம், உடனே வேண்டும் என்றார்கள். ஃபைல் என் பென்டிரைவில் இருந்தது. சித்தப்பாவின் லேப்டாப்பில் போட்டு அனுப்பினேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் பாதிகூடப் போகவில்லை. நீங்கள் பார்க்கும் படம் ஓடுகிறது, நான் அனுப்பும் ஃபைல் நகரவில்லை. இரண்டும் ஒரே லைன்.

நோட்டீஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அனுப்புகிற வேகம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஒன்பது தடவை பட்டன் அமுக்கின பிறகு ஒரு பெண் பேசினார். அந்தப் பிளானில் இழுப்பதற்கு நூறு, அனுப்புவதற்கு ஐந்து என்றார். மாதத்தில் ஒரு அளவு தாண்டினால் இழுப்பதும் குறைந்துவிடுமாம். நான் கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்னார். கேட்காததுதான் என் தப்பு.

அங்கே உட்கார்ந்தபடியே தங்கப்பாண்டி அண்ணாச்சிக்கும் போட்டேன். "நம்மகிட்ட போறதும் நாப்பது, வர்றதும் நாப்பதுதான். இதுல என்னப்பா சந்தேகம்?" என்றார். அவருக்கு அதைச் சொல்லி விற்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பார்ட்டி இறக்கிப் பார்க்க புரூஃபை நெட்டில் வைக்கிறோமே, அந்த ஹோஸ்டிங் இடத்துக்கும் அப்போதுதான் விசாரித்தேன். மூன்று பேர் ரேட் கொடுத்திருந்தார்கள். இடத்துக்கு வாடகை குறைவாகப் போட்டவர், பார்ட்டி ஃபைலை இறக்குகிற ஒவ்வொரு ஜிபிக்கும் தனியாகக் காசு கேட்டார். வாடகை அதிகம் போட்டவர் அதைக் கேட்கவில்லை. எங்கள் உபயோகத்துக்கு அவர்தான் மலிவு. எல்லா இடத்திலும் இதே கதைதான்.

3. கையெழுத்து

திங்கட்கிழமை காலை மேனேஜர் ஒப்பீட்டுத் தாளை என் முன்னால் வைத்தார். கம்பெனி நூறு, கேபிள் நாற்பது, பக்கத்தில் மாத வாடகை. வேறு ஒன்றும் இல்லை. அடியில் உபயோகிக்கும் பிரிவு என்று போட்டு என் பெயர் டைப் செய்திருந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நோட்டீஸைக் கொண்டாந்தது யாரு? நீங்கதான பாக்கியராஜ்?"

"நான்தான் சார். தெரியாமக் கொண்டாந்துட்டேன்."

"பத்தாங்கிளாஸ் படிச்ச நீங்க எனக்கு பேண்ட்விட்த் சொல்லித் தர்றீகளோ? கையெழுத்துப் போடுங்க, வேலையப் பாருங்க."

"போட மாட்டேன் சார்."

அந்த ரூமில் இருந்த நான்கு பேரும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பைண்டிங்கில் பேப்பர் மடித்துக்கொண்டிருந்த என்னை அந்த ரூமுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்த பிரஸ் அது. ஆனால் அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. சீசனில் ஃபைல் நகராமல் கிடந்து பார்ட்டி வேறு பிரஸ்ஸுக்குப் போனால், அந்தத் தாளை எடுத்து, பாக்கியராஜ் பார்த்து ஓகே சொன்னார் என்பார்கள். பார்க்காமல் சொன்ன தப்பை ஒரு தடவை செய்தாயிற்று. பார்த்துவிட்டும் சொன்னால் அது தப்பு இல்லை, பொய்.

தாளோடு மேனேஜர் முதலாளி ரூமுக்குப் போனார். கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன்.

முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பேப்பர் தெரியும். ரீம் கட்டைக் கையில் தூக்கியே எடை குறைகிறதா என்று சொல்லிவிடுவார். நான் அவரிடம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவில்லை.

"அண்ணாச்சி, பேப்பர் லோடு வந்தா ரேப்பர்ல அச்சடிச்சிருக்கத நம்பியா எறக்குறீக? எடை போட்டுத்தான எறக்குறீக. இதையும் ஒரு தடவ எடை போட்டுப் பாத்துருவோமே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நெட்ட எப்படிலே எடை போடுவ?"

"ஒரே ஃபைல ரெண்டு லைன்லயும் ஒரே நேரத்துல அனுப்புவோம். எது மொதல்ல போய்ச் சேருதுன்னு நீங்களே பாருங்க."

4. எடை போட்ட நாள்

பக்கத்து அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அந்த நூறு லைன் இருந்தது. அவர்களிடம் கேட்டு மதில் மேலாக ஒரு வயர் இழுத்தோம். தங்கப்பாண்டி அண்ணாச்சி இரண்டு நாளைக்கு என்று ஒரு லைன் போட்டுக் கொடுத்தார். கம்பெனி ஆளையும் வரச் சொன்னார் முதலாளி. கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார்.

கோயம்புத்தூர் நகைக்கடை காலண்டர், இரண்டு ஜிபி. இரண்டு சிஸ்டத்திலும் ஒன்றாக ஆரம்பித்தேன். டீ வந்தது. எல்லோரும் குடித்து முடிப்பதற்குள் கேபிள் லைனில் ஃபைல் போய்விட்டது, எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நூறு லைனில் அப்போது ஏழில் ஒரு பங்குதான் போயிருந்தது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழுதும் போய்ச் சேர ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனது. அவர் எழுந்திருக்கவே இல்லை.

கம்பெனி ஆள் மெதுவாகச் சொன்னார்: "சார், வீட்ல எல்லாரும் படம்தான பாக்குறாங்க. அதுக்கு இது ரொம்ப நல்ல பிளான்."

"நாங்க படம் பாக்குற ஆளுக இல்ல தம்பி, படம் அனுப்புற ஆளுக" என்றார் முதலாளி.

கேபிள் லைன் முடிவானது. கையெழுத்துப் போடாத தாளை அவரே இரண்டாகக் கிழித்தார். எனக்கு அது போதும் என்று இருந்தது.

மறுநாள் என்னை டெஸ்பாட்சுக்குப் போகச் சொன்னார்கள். மேனேஜர் சொன்னார் என்று ஆபீஸ் பையன் வந்து சொன்னான். நேராக முதலாளியிடம் போனேன். அவர் தலையைத் தூக்காமல் பேசினார்.

"நீ சொன்னது சரிதாம்ப்பா. ஆனா வெளியாள் முன்னால மச்சினனுக்குத் தலக்குனிவாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு அங்கன இரு."

"சம்பளம் அதேதான அண்ணாச்சி?"

"அதேதான்."

"அப்போ சரி. ஆனா ஒண்ணு. நாளைக்கு அதே தாள் வந்தாலும் போட மாட்டேன்."

நான் வந்துவிட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. உங்களிடம் யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிய வேண்டாம். கையெழுத்துப் போட மறுத்ததற்காக மாற்றினார்கள் என்று சத்தமாகவே சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். விற்பவர் தனக்கு வசதியானதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார். நமக்கு வேண்டியது எது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும், அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். தெரியாமல் கேட்காதது தப்பு. தெரிந்த பிறகு, கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று இருப்பது அதைவிடப் பெரிய தப்பு.

டெஸ்பாட்சில் முதல் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேசையில் லாரி சர்வீஸ்காரர்களின் ரேட் தாள் கிடந்தது. ஐந்து சர்வீஸ், ஒரு பண்டலுக்கு எவ்வளவு என்று மட்டும் போட்டிருந்தது. பழைய பில் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு சர்வீஸிலும் சரக்கு எத்தனை நாளில் பார்ட்டி கைக்குப் போனது என்று தேடினேன். பிறகு ஸ்கேலை வைத்துத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே "போய்ச் சேர்ந்த நாள்" என்று எழுதி, ஐந்துக்கும் நிரப்பினேன். கீழே, யாரும் கேட்காமலே, என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.