காதர் பாய் கடை டிவியும் என் டெல்லி செய்தியும்

சொன்னேனா, இல்லையா?

டீக்கடைக்குள் டிவி நுழைந்தால் மனுஷன் மனுஷனோடு பேசுவதை விட்டுவிடுவான் என்று எண்பதுகளிலேயே ஏற்காடு கடைவீதியில் நின்று உரக்கச் சொன்ன ஒரே ஆள் நான்தான். ஆளுக்கொரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே கிடப்பார்கள் என்பதையும் சொன்னேன். செல்போன் என்ற பெயர் மட்டும்தான் அப்போது தெரியவில்லை.

பனியில் நமுத்த பேப்பருக்கு ஒரு வாசனை உண்டு...

சேலத்திலிருந்து முதல் பஸ் வளைவுகளில் முக்கி முனகி ஏறி வரும். பேப்பர்க் கட்டைப் பிரித்தால் மையும் ஈரமும் கலந்து ஒரு மணம். அதோடு பாய் கடை விறகுப் புகையும் சேரும். அதை மூக்கில் இழுத்தால்தான் எனக்குப் பொழுது விடியும்.

அந்தக் கடையில் அடுப்போரத்துப் பெஞ்சு என்னுடையது. மார்கழிக் குளிரில் அந்த இடத்துக்கு இருந்த போட்டி எம்.எல்.ஏ. சீட்டுக்குக்கூட இருந்திருக்காது. பேப்பரைச் சத்தமாக வாசிப்பவன் என்பதால் எனக்கென்று விட்டிருந்தார்கள். எட்டாவது பாஸ் நான். ஒன்பதாவது எனக்குத் தோதுப்படவில்லை, விட்டுவிட்டேன். பேப்பரில் நாலு வரி இருந்தால் நான் நாற்பது வரி வாசிப்பேன். விலைவாசி, காப்பிக்கொட்டை, பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போடும் இளவட்டங்கள்... எல்லாவற்றுக்கும் என் கருத்து இலவசம். கூட்டம் கூடும், பாய்க்கு டீ ஓடும், எனக்கு மரியாதை ஓடும்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் காதர் பாய். ஒரு நாள் ஜீப்பில் டிவி வந்து இறங்கியது. சில்வர் ஓக் கம்பு ஒன்றை நட்டு ஆன்டெனா கட்டினார்கள்.

"ஏனுங்க பாய், இதெல்லாம் நம்மூருக்குத் தேவைங்களா?" என்றேன்.

"காலம் மாறுதுங்கண்ணா. இனி செய்தியெல்லாம் இதுலயே வந்துருமாம். நீங்களும் நொம்ப நாளாத் தொண்டை கிழியப் படிச்சுட்டீங்க. ரெஸ்ட் எடுங்க."

பக்கத்தில் எஸ்டேட் ரைட்டர் சூசை. கடையில் எனக்கு நிரந்தர எதிர்க்கட்சி.

"அப்ப அடுப்போரத்துப் பெஞ்சு காலிங்களா பாய்? எனக்குக் குளுருக்கு இடுப்பு புடிச்சுக்குதுங்க" என்று சிரித்தார்.

பெஞ்சு போனால் ஊரில் நான் யார்?

முதல் நாள் சாயங்காலம் கடைவீதியே திரண்டுவிட்டது. நான் போவதற்குள் சூசை என் இடத்தில் உட்கார்ந்து, சட்டமாகக் கை காய்ச்சிக்கொண்டிருந்தார். வாசலோரம் நின்றேன். திரையில் புள்ளி புள்ளியாகக் கொஞ்ச நேரம்... பிறகு ஒரு அம்மா வந்து செய்தி வாசிக்க ஆரம்பித்தார்.

அத்தனையும் இந்தி!

பாய் டிவி தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், தமிழ் வரும் என்று. வரவில்லை. இன்னொரு பக்கமும் தட்டிப் பார்த்தார்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"பேசாம இருங்க சாமி, நான் சொல்றேன்."

எனக்கு இந்தி எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் வைத்திருந்தேன்.

திரையில் ஒரே தண்ணீர், படகில் ஜனங்கள். "வடக்க நல்ல மழைங்க. ஏரியெல்லாம் நெம்பிப் போச்சு. நம்மூராட்டவே படகு உட்டுட்டாங்க, சனம் குடும்பத்தோட போவுது பாருங்க!"

அடுத்து போலீசும் கூட்டமும். "திருவிழாவுங்க. நம்ம சேர்வராயன் நோம்பியாட்டம். வரிசையில வாங்கன்னு சொல்றாங்க."

பிறகு ஒரு மந்திரி, விரலை ஆட்டிப் பேசினார். "காப்பிக்கொட்டைக்கு விலை ஏத்தோணுங்கறாரு. அப்பறம், பெத்தவங்க பேச்சக் கேக்காத பசங்களுக்கு கவர்ன்மென்ட் வேலையே கெடையாதாமுங்க."

"நம்மூட்டுப் பையன் விசயம் டெல்லி வரைக்கும் போயிருச்சா!" என்றார் பாய், டீ ஆற்றுவதை நிறுத்தி.

சூசை விடுவாரா? மாரமங்கலத்து மிலிட்டரிக்காரர் ஒருவர், வடக்கே பல வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர், பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு டீயோடு நின்றிருந்தார். "ஏனுங்க மிலிட்டரி, உங்களுக்கு இந்தி அத்துப்படி. இவரு சொல்றது மெய்யா, பொய்யா? நீங்களே சொல்லுங்க" என்று நடுவில் இழுத்து விட்டார்.

கடையே அவர் வாயைப் பார்த்தது. நான் செருப்பைத் தேடினேன்.

அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்தார். "அப்பிடியே சொல்றாருங்க. ஒரு எழுத்து மாறல."

கைதட்டலில் கடைத் தகரம் அதிர்ந்தது. "சூசை, எந்திரி சாமி. அண்ணன் உக்காரட்டும்" என்றார் பாய். அன்றிலிருந்து வருஷக்கணக்காகப் படம் டெல்லி, குரல் நான். பாயும் ஒரு நாளும் என்னிடம் டீக்குக் காசு வாங்கியதில்லை.

இப்போது அதே கடைவீதியில் கண்ணாடி வைத்த கடைகள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் பத்து போன், பத்துச் செய்தி. ஒருத்தன் சிரிக்கிறான், பக்கத்தில் இருப்பவனுக்கு ஏன் என்று தெரியாது. அன்று ஒரே ஒரு பொய்யை ஊரே சேர்ந்து கேட்டோம், ஊரே சேர்ந்து சிரித்தோம். இன்று ஆளுக்கொரு பொய்யைத் தனித்தனியாக நம்பிச் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் பழசுதான் ஒழுங்கு.

சரி, இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்... ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு எழுத்து மாறவில்லை என்று மிலிட்டரிக்காரர் சொன்னதாக எழுதினேனே, அது மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் சத்தியம்.

அவர் மூக்கில் டீ ஏறும் அளவுக்குச் சிரித்தார். பிறகு பாயிடம் சொன்னார்:

"ஒரு எழுத்துகூடச் சரியில்லீங்க பாய். அந்தப் படகு போனது வெள்ளத்துலங்க... ஆனா இவரு நியூஸே ஓடட்டும். இதுல யாரும் சாகலைங்க."