பந்தலில் அம்மாவின் இடம்

எங்கள் ஊரில் எதற்கும் வீட்டுக்கு ஒரு ஆள். கூழ் ஊற்றினாலும் சரி, சாவு விழுந்தாலும் சரி, சாலை மறியல் என்றாலும் சரி. ஆள் வராத வீட்டை யாரும் திட்ட மாட்டார்கள். அந்த வீட்டில் ஒன்று நடக்கும்போது மற்றவர்களும் வராமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

சுடுகாட்டுக்குப் போகும் பாதையை, மனை போட்டு விற்கிறவர்கள் மதில் எழுப்பி அடைத்தபோது, மதிலுக்கு எதிரிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்தோம். கோயில் வீடுகளும் சர்ச் வீடுகளும் ஒரே தார்ப்பாயில். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினால் எல்லோரும் ஒரே குரலில் "உரிமை" என்றார்கள். பொய்யில்லை, கோபம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் மைக் போனபின் பேசிக்கொண்டது வேறு. ஒருத்திக்கு மகள் கல்யாணம் நெருங்குகிறது, ஊர் வேண்டும். இன்னொருத்தி, நாத்தனார் வந்துவிட்டாளே என்று வந்தவள். அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒருவர் போட்டோவில் விழாதபடி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் மட்டும் நன்றாகப் படும்படி உட்கார்ந்திருந்தார். அந்தச் சாமர்த்தியத்தை நான் மனதாரப் பாராட்டினேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் கோவளத்தில் வேலைக்குப் போகிறவள் என்பதால் எங்கள் வீட்டு ஆள் அம்மா. பந்தலில் முன்வரிசை, கம்பத்தை ஒட்டிய இடம் அவளுடையது. "வெயில்ல எதுக்கும்மா?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வாள்.

"நான் செத்தா என்னிய ரோட்ல வெச்சுகினு நிப்பியா? தூக்க நாலு பேர் வேணாம்?"

ஒரு நாள் பந்தலிலேயே அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் கூடவே இருந்தேன். அம்மா பிழைக்க வேண்டுமே என்ற பயத்துக்கு அடியில் இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து இப்போது யாரும் பந்தலுக்குப் போகவில்லை. அவள் போய்விட்டால் பாதையும் இல்லை, ஆளும் இல்லை. அப்படி யோசிக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா கொஞ்சம் தேறித் தூங்கிய ஒரு மதியம், பந்தலில் சிறிது நேரமாவது உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று பஸ் பிடித்து வந்தேன். கம்பத்தடியில் அவளுடைய அரக்குப் புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் டம்ளரில் டீ, ஏடு படிந்துபோய். பக்கத்தில் இரண்டு பிஸ்கட்.

செத்தவர்களுக்குப் படையல் போடும்போதுதான் இப்படிப் புடவையை மடித்து வைத்து, பிடித்ததை முன்னால் வைப்போம். பக்கத்தில் இருந்த ஒரு பெண் புடவையைப் பார்த்துச் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "நேத்து தாசில்தார் வந்துட்டுப் போனாருக்கா. ஒண்ணும் ஆவல."

எங்கள் வீட்டுச் சாவி எதிர்வீட்டு அத்தையிடம் இருந்தது. அவர்தான் எடுத்து வந்து வைத்திருக்கிறார்.

"உங்க வூட்டுக்கு ஆள் இல்லாம பூடக் கூடாதுன்னு வெச்சேன். இன்னா தப்பு?"

"அம்மா உசுரோட கீது அத்தே!"

"அதனாலதானே சூடா டீ வெக்கிறோம்" என்றார்.

எடுக்கக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "எடுக்காத. எடுத்தா உங்க வூடு வரலன்னு ஆய்டும்."

நான் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கடல் காற்றில் புடவையின் ஒரு மடிப்பு மெல்ல எழுந்து அமர்ந்தது. அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள்.

அம்மா பிழைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் பந்தலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். யாரும் நகரவில்லை. கம்பத்தடிக்குப் போனவளிடம் ஒருத்தி பழக்கதோஷத்தில், "அங்க ஆள் கீதுக்கா" என்றாள். அம்மா புடவையையும் டீயையும் பார்த்தாள்.

"என்னிய நல்லாத்தான் கவனிச்சுகினு கீறீங்க" என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் புடவைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அதன்பிறகும் பெண்கள் சேதி சொன்னது புடவையிடம்தான். அம்மா ஏதாவது கேட்டால் பதில் கொஞ்சம் தாமதித்து வந்தது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசியில் பேச்சுவார்த்தை முடிந்து, ஜேசிபி வந்து மதிலை இடித்தது. எல்லோரும் கைதட்டினோம். புழுதி அடங்கியதும் பாதை தெரிந்தது. முட்டளவு புல், அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, அதற்குள்ளிருந்து அலைச் சத்தம். கைதட்டல் நின்றுபோனது. இனி முதலில் இந்த வழியாகப் போவது எந்த வீட்டு ஆள்? யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். என் கண்ணும் அவள் பக்கம்தான் போனது.

"இன்னாத்துக்கு எல்லாம் என்னியே பாக்குறீங்க?"

அம்மா கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். "செரி. போய்ட்டு வரேன்."

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அவள் போனாள். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆண்கள், தாங்கள் செய்வது தெரியாமலேயே, பிணம் போகும்போது செய்வதுபோல் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அம்மா சவுக்குத் தோப்புக்குள் மறைந்தாள்.

பிறகு வந்தாள். அங்கிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் பார்க்கவில்லை. இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்வதில்லை. பந்தலில் அவ்வளவு பேர் இருந்தும் ஒருவரும் அவளை வா என்று சொல்லவில்லை.

"வாம்மா" என்றேன். மறுபடியும் உரக்கக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் இந்தப் பக்கம் கால் வைத்தாள்.