விளக்கை அணைக்க மறுத்தவர்

டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தபோது எங்கள் காரைப் பழுதுபார்க்கும் அண்ணனின் மனைவி மலர் அக்காவின் அழைப்பு வந்தது. "அவரு போயிட்டாரும்மா" என்றார். காலையில் பட்டறையைத் திறந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், பிறகு எழுந்திருக்கவில்லை. கிள்ளானில் கார்ப் பட்டறை வைத்திருந்த குணசேகரன் அண்ணன் இனி இல்லை. சிகிச்சை முடியும்வரை அம்மாவிடம் சொல்லவில்லை.

சிறுநீரகம் செயலிழந்த அம்மாவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறேன். ஈராண்டுக்கு முன் நெடுஞ்சாலையில் கார் திடீரென்று குலுங்கி, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின்னால் லோரி. எப்படி ஓரங்கட்டினேன் என்று தெரியாது. ஒரு பட்டறையில் கருவியைச் செருகி, அது காட்டிய கோளாறு எண்ணைப் பார்த்து ஒரு பாகத்தை மாற்றி, விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். அடுத்த பயணத்திலேயே மறுபடியும் எரிந்தது.

"எனக்காக நீ ரோட்டுல சாகணுமா? நான் இனிமே வரல" என்றார் அம்மா. வராவிட்டால் என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும்.

தோழி சொல்லி அண்ணனிடம் போனேன். எனக்கு முன்னால் ஒருவர், காரை விற்கப்போவதாகவும் விளக்கை மட்டும் அணைத்தால் போதும் என்றும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அணைச்சுத் தரேன் பாஸ். வாங்குறவர் நம்பரையும் குடுங்க, என்ன கோளாறுன்னு அவர்கிட்ட சொல்லிடறேன்லா" என்றார் அண்ணன். வந்தவர் போய்விட்டார்.

எங்கள் காரில் இரண்டாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று கருவி காட்டியது. அண்ணன் எதையும் கழற்றவில்லை. "இது புகார்தாம்மா. தீர்ப்பு இல்ல" என்றார். அன்று பார்த்து எஞ்சின் சீராக ஓடியது. எண்ணை அழித்து விளக்கை அணைத்துவிடுங்களேன் என்றேன்.

"இப்ப நல்லா ஓடுதுல்ல, அதான் எனக்குப் பயமா இருக்கு."

என் பயத்தைக் கேலி செய்யாமல் தானும் பயந்த முதல் மனிதர் அவர். மறுநாள் எங்களோடு வருவதாக அம்மாவிடம் அவரே பேசி, பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அம்மாவிடம் கேள்விகள். எப்போதிருந்து இப்படி? ஆயுத பூஜைக்குப் பிறகு, என்றார் அம்மா. பூஜை எப்படிச் செய்தீர்கள்? பானெட்டைத் திறந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து...

நிலையத்தை அடைந்ததும் அண்ணன் எஞ்சின் மூடியைக் கழற்றினார். இரண்டாவது சிலிண்டருக்கான ஒயர் சேரும் முனையில் பச்சைக் களிம்பு, அதைச் சுற்றி மஞ்சள் கறை. மேடுபள்ளத்தில் கார் ஆடும்போதெல்லாம் அங்கே மின்தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

"நாந்தான் கெடுத்துட்டேனா?" என்றார் அம்மா.

"இல்ல ஆன்டி. கும்பிட்டீங்க, அதான் நடுரோட்டுல ஒன்னும் ஆகல. அடுத்த வருஷம் டயருக்கு மட்டும் தெளிங்க. எஞ்சினுக்குக் குளிக்கப் பிடிக்காது."

அம்மா பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். அண்ணன் முனையை மாற்றி, மீண்டும் எங்களோடு பயணம் செய்து பார்த்த பிறகுதான் கோளாறு எண்ணை அழித்தார்.

இறுதிச் சடங்கில் ஆண்கள் சவ வண்டியின் பின்னே போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். அம்மா மலர் அக்காவின் கையைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார்.

பிறகு காரில் ஏறினோம். இனி காருக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போவேன்? பெல்ட்டை மாட்டியபடி அம்மா கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்குகளும் வழக்கம்போல் ஒருமுறை எரிந்தன. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய் வாருங்கள், அண்ணே. நாங்கள் நாளைக்குக் கிளம்புகிறோம்.