நிரோசாவின் சோல் ஆல்பமும் என் எக்கோவும்

1. எங்கள் சனத்தின் காது

இத்தாலியின் பலெர்மோவில் தமிழருடைய கலியாணமோ சாமத்திய வீடோ, இருபது வருடம் ஒலி மிக்சரில் இருந்தவன் நான். எங்கள் சனத்துக்குப் பாட்டு என்றால் எக்கோ, குரல் மண்டபம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும். அது இல்லாமல் மைக்கைக் கொடுத்தால், "தம்பி, மைக் பழுது" என்று மூன்று மாமாமார் மேடைக்கு வந்துவிடுவார்கள், ஏதோ சங்கீதம் கரைத்துக் குடித்தவர்கள் மாதிரி. அதனால் மிக்சரை ஓன் பண்ணியதும் என் கை முதலில் எக்கோவைத்தான் திருப்பும்.

2. புது ஞானம்

நிரோசா எங்கள் மேடைகளின் குத்துப்பாட்டுக்காரி. பகலில் லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. சனிக்கிழமைகளில் மண்டபத்தையே ஆட வைப்பாள். திடீரென்று ஒரு நாள் எல்லா நிகழ்ச்சிகளையும் வேண்டாம் என்றாள். அந்தக் காலத்துப் பொப் பாடகி ஒருத்தி பாதை மாறி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் ஒரு ஆல்பம் பாடினாளாம். இவளும் தமிழில் அப்படிச் செய்யப் போகிறாளாம்.

"கத்தாமல், கிட்ட நிண்டு கதைக்கிற மாதிரிப் பாடவேணும் அண்ணை."

"ஓம், சனமும் கிட்ட நிண்டு கொட்டாவி விடும்."

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

3. ஒரே ஒரு தரம்

ஒன்பது பாட்டை ஒரு ஸ்டூடியோவில் பதிந்தாள். கடைசிப் பாட்டுக்கு அல்பெர்கேரியாச் சந்தைப் பக்கம் ஒரு மாதா கோயில் மண்டபத்தின் பழைய ஓர்கன் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். சந்தைக் கூச்சல் அடங்கிய பின்னேரம் போனோம்.

"தொண்டையிலை கட்டி அண்ணை. கத்தக்கூடாது எண்டு டொக்டர் சொல்லி கனநாள். நாளைக்கு ஒப்பரேஷன். இண்டைக்கு ஒருக்காத்தான் பாடுவன்."

என் சிரிப்பு அப்போதுதான் அடங்கியது. அவள் தாய் யாழ்ப்பாணத்தில் செத்துக்கொண்டிருந்த நேரம், இவள் இங்கே சிஞ்ஞோராவின் தாய்க்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பாடியது அதைப் பற்றித்தான். ஹெட்போனோடு இருந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

முடிந்ததும் ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். கேட்டவளின் முகம் கறுத்தது.

"எக்கோ போட்டனீங்களோ?"

போட்டிருந்தேன். தனி ட்ராக்கில் விடாமல் குரலோடு சேர்த்தே பதிந்துமிருந்தேன். இனி எவனாலும் பிரிக்க முடியாது. பழகிப்போன என் காதுக்கு அது கேட்கவேயில்லை.

"இன்னொருக்கா..." என்றேன். இல்லை என்று தலையசைத்தாள்.

4. பாராட்டு

ஆல்பம் வந்தது. எங்கள் சனம் ஒன்பது பாட்டையும் தள்ளிவிட்டு அந்த ஒன்றையே மண்டபங்களில் போட்டது. "இதெல்லோ ரெக்கோடிங்!" என்று என் முதுகில் வேறு தட்டினார்கள். ஊரே சேர்ந்து பாராட்டினால் வேலை சரி என்று நினைக்காதீர்கள், மிக்சர் பழக வரும் பிள்ளைகளே. மிக்சரில் இருக்கும் முன் பாடுகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஒப்பரேஷனுக்குப் பிறகு நிரோசாவுக்குக் கதைக்கக் குரல் வந்தது, பாட வரவில்லை. ஒருநாள் பஸ்ஸில் கண்டபோது, "அந்தப் பாட்டைக் கேக்கிறனியே?" என்றேன்.

"இல்லை அண்ணை. அதிலை நீங்கள்தானே பாடுறியள்."