நாலாவது ஆளின் விலை

ஒரு மனிதனின் விலை ஏழு தில்லா. கீவாவைக் கான்கள் ஆண்ட காலத்துப் பொற்காசு அது. ஏழுக்கு மேல் ஒன்றுகூட ஏறவில்லை. பேரம் பேசியவன் நான்தான். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஆட்டுச்சந்தையில் வளர்ந்தவன் நான், எனக்குப் பொய் சொல்ல வராது என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே வரும். இது பொய்யாக இருந்தால் இதைவிட அழகாகச் சொல்லியிருப்பேன்.

என் பெயர் மத்னியாஸ். மூன்று தலைமுறையாக எங்களுக்கு ஊர்கெஞ்ச் சந்தையில் ஆட்டுத் தரகு. நான் மட்டும் நாடகத்துக்கு ஓடினேன். பல வருஷம் மேடையில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாயிற்காவலனாக நின்றேன். அப்போது தாஷ்கண்டிலிருந்து ஒரு டி.வி. குழு வந்தது. கான் காலத்து அடிமைச் சந்தையைப் பற்றிய தொடர். தரகன் வேடத்துக்குப் பேசியிருந்த பெரிய நடிகர் சம்பளத் தகராறில் வராமல் போக, அது எனக்குக் கிடைத்தது. காரணம் என் நடிப்பல்ல. அங்கியின் கைக்குள் விரலால் பேரம் பேச எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து அங்கிக்குக் கை நீளம். விரலையும் தாண்டித் தொங்கும். வாங்குபவனின் அங்கிக் கைக்குள் தரகன் தன் கையை நுழைத்துக்கொள்வான். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது. உள்ளங்கையில் தட்டினால், வரிசையில் எத்தனையாவது உருப்படி என்று அர்த்தம். விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து. பிடிக்கவில்லையா, 'விக்கலை' என்று சொல்லிக் கையை உருவிக்கொள்ளலாம். 'பரக்கத்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு கானே வந்து கேட்டாலும் மாற்றமில்லை.

கீவாவுக்கு வெளியே ஓர் இடிந்த ஒட்டகச் சத்திரத்தில் படப்பிடிப்பு. ஜூலை மாதம். வெளியே உச்சி வெயில், நாற்பத்து நான்கு டிகிரி. உள்ளே, ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி அடித்து, நாங்களே ஓர் இரவைச் செய்துவைத்திருந்தோம். இரண்டே விளக்கு. சுவரோரம் அடிமைகளாகப் பதினொரு துணை நடிகர்கள். எல்லாருடைய இடுப்பையும் ஒரே கயிற்றில் வரிசையாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள் அனாபீபீ அக்கா. துணை நடிகர்களை மேய்ப்பதுதான் அவள் வேலை.

வரிசையில் நாலாவதாக நின்றவன் குரோன்பாய். டாக்ஸி ஓட்டுகிறவன். வாய் ஓயாது.

"யோவ் தரகன் மவனே, என் பொண்டாட்டி டி.வி.ல பாக்கப்போறா. என்னை மலிவா வித்துடாத."

"உன்னை எவன் வாங்குவான்? போடற சோத்துக்கே கட்டாது" என்றாள் அனாபீபீ அக்கா, முடிச்சை இறுக்கிக்கொண்டே.

முதல் தடவை எடுத்தது சரியில்லை. இரண்டாவது அதைவிட மோசம். எதிரே வாங்குபவராக நடித்த ஹோஷிமும் பெரிய நடிகர், வயதானவர். என்னோடு நடிப்பதே தனக்கு இழுக்கு என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தார். அவருக்கு விரல் கணக்கு தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்றார். உள்ளே அவர் கை செத்த மீன்போலக் கிடந்தது. நான் யாரோடு பேரம் பேசுவது? இயக்குநர் ஃபஸ்லித்தீன் எல்லார் காதிலும் விழும்படி மைக்கிலேயே சொன்னார்:

"ஆட்டுக்காரன்னு கூட்டியாந்தேன். ஆடாவே நிக்கிறான். சாயங்கால ஃப்ளைட்ல வேற ஆள் வர்றான்டா. உனக்கு இந்த ஒரு தடவைதான்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. இதை விட்டால் மறுபடி ஈட்டிதான்.

மூன்றாவது தடவை. 'டக்' என்று பலகை அடித்தார்கள். ஹோஷிம் தன் பெரிய ஆட்டுத்தோல் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அவருடைய அங்கிக் கைக்குள் என் கையை நுழைத்தேன்.

சில்லென்றிருந்தது.

அந்தப் புழுக்கத்தில், கம்பளி அங்கிக்குள்... கிணற்றுக்குள் கையை விட்டதுபோல.

உள்ளே இருந்த கை என் உள்ளங்கையைத் தேடிப் பிடித்தது. தட்டியது. ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு.

அட, கிழவன் கற்றுக்கொண்டு வந்திருக்கிறானே என்று மனதுக்குள் சிரித்தேன். நாலாவது ஆளா? குரோன்பாயா? சரி, அவன் கேட்டதுபோல நல்ல விலைக்கே தள்ளுவோம். முழுக்கையை மூன்று தடவை பிடித்தேன். பதினைந்து.

அது என் ஒரு விரலைப் பிடித்தது. ஒன்று.

எனக்குச் சுரீர் என்றது. ஒன்றா? ஆட்டுக்குட்டிகூட வராது. பன்னிரண்டு என்றேன். அது இரண்டு என்றது. பத்துக்கு வந்தேன். நடிக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. காமிராவுக்குப் பின்னால் ஃபஸ்லித்தீன் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து அது என் முழுக்கையையும் பிடித்தது. ஐந்து.

அப்போதுதான் கவனித்தேன். என் கையைச் சுற்றியிருந்தது நான்கு விரல். ஐந்தாவது இருக்கவேண்டிய இடத்தில்... ஒரு முண்டு.

ஹோஷிமுக்கு விரல் எல்லாம் இருக்கிறது. காலையில்தான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

விட்டுவிட்டு மறுபடி பிடித்தது. இரண்டு விரல்.

ஏழு.

பிடி இறுகியது. எலும்பு நெரிந்தது. சுவரோரம் கயிறு உரசும் சத்தம். சர்ர்... சர்ர்...

'விக்கலை' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் காட்சி போச்சு. வேடம் போச்சு. சாயங்கால ஃப்ளைட்.

"பரக்கத்!" என்றேன்.

கை விட்டது.

விளக்கில் ஒன்று அணைந்தது.

ஃபஸ்லித்தீன் 'கட்' என்றார். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஹோஷிம் தொப்பியைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருடைய வலக்கை அங்கிக்குள் அக்குளில் செருகியிருந்தது.

"உன் கை ஐஸ் மாதிரி இருந்துச்சுப்பா. தொட்டதுமே நான் கையை எடுத்துட்டேன். வெறும் சட்டைக் கைக்குள்ள அப்படி நடிச்சியே... எனக்கே பயமாப் போச்சு."

என் கை வெந்நீராகச் சுட்டுக்கொண்டிருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அனாபீபீ அக்கா தட்டில் பலாவ் சோறு வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு தட்டு மிஞ்சியது. குரோன்பாயைக் காணோம். வெயிலுக்குப் பயந்து ஓடிட்டான் தடியன் என்று திட்டினாள். பிறகு கயிற்றை எடுத்துவரப் போனாள். அங்கிருந்தே என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

பத்துக் கண்ணிகள் அவிழ்ந்து கிடந்தன. நாலாவது கண்ணி மட்டும் கட்டியது கட்டியபடி இருந்தது. முடிச்சுக்கூட நகரவில்லை. மூன்றாவது ஆளையும் ஐந்தாவது ஆளையும் கேட்டோம். பார்க்கவில்லை என்றார்கள். நான் 'பரக்கத்' என்றபோது கயிறு தளர்ந்ததாம். அவ்வளவுதான்.

டாக்ஸி முற்றத்திலேயே நின்றது. பூட்டியிருந்தது. அவனுடைய போன் உள்ளே சீட்டின் மேல் கிடந்தது. போலீஸ் வந்தது, பாலைவனம்வரை போய்த் தேடியது. ஒன்றும் இல்லை.

இலையுதிர் காலத்தில் தொடர் ஒளிபரப்பானது. அந்த ஒரு காட்சியில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். ஊர்கெஞ்ச் சந்தையில் தர்பூசணிக்காரன் என்னிடம் காசு வாங்க மறுக்கிறான். அதைவிடப் பெரிய புகழ் எங்கள் ஊரில் கிடையாது.

ஒருநாள் குரோன்பாயின் மனைவி சுலுவ் என்னைத் தேடி வந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்கவேண்டும் என்றாள்.

"அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணாருண்ணே. தூரத்துலேர்ந்து பேசற மாதிரி இருந்துச்சு. 'ஏழுக்குக் குடுத்துட்டான், ரொம்ப மலிவு'ன்னாரு. அப்புறம் ஒண்ணும் கேக்கல. எதைண்ணே ஏழுக்குக் குடுத்தாங்க? எங்க காரையா?"

அந்தக் காட்சியில் விலையை யாரும் வாயால் சொல்லவில்லை. வசனத்திலும் கிடையாது. 'ஏழு' என்பது அந்த அங்கிக் கைக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அவளுக்கு என்ன சொன்னேன் என்பது வேண்டாம். அடுத்த பாகத்துக்கு ஃபஸ்லித்தீன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நான் இப்போது குளிர்காலத்திலும் அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன். வெளியே போகிறபோது இரண்டு கையையும் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் வாங்கியவன் சரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான், பணம் கொடுக்கவில்லை. எங்கள் சந்தையில் 'பரக்கத்' சொன்ன பணத்தை எவனும் கொடுக்காமல் விட்டதில்லை. எத்தனை நாளானாலும் தேடிக்கொண்டு வந்து, கையைப் பிடித்து, கையிலேயே வைத்துவிட்டுப் போவான். தரகன் மகனான நான் முதல்முறையாக ஒரு பாக்கி வசூலாகவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உருப்படி ஒன்று. பேசிய விலை ஏழு தில்லா. இதுவரை வந்தது ஒன்றுமில்லை. பாக்கி, ஏழு.