சொக்ஸில் தைத்த பிள்ளையார்

லிங்கநகரில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். அடுத்து ரியூசன் வகுப்புக்கு ஓடவேண்டிய பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டே கொட்டாவி விடுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கத்தி என்ன பயன்? கைப்பாவை காட்டினால் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சொக்ஸ் சோடியை எடுத்தேன். ஒன்றுக்குத் தும்பிக்கை தைத்துப் பிள்ளையாராக்கினேன், மற்றதற்குக் காகித மட்டையில் வேல் வெட்டி ஒட்டி முருகனாக்கினேன். இரண்டையும் கைகளில் மாட்டிக்கொண்டு மாம்பழக் கதை சொன்னேன். அன்றைக்கு ஒருவரும் கொட்டாவி விடவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றார்கள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான். ஒரு பிள்ளையின் அம்மா கடையடியில் என்னை மறித்தார்.

"ரீச்சர், காலிலை போடுற சாமானிலையோ பிள்ளையார் செய்தனீங்கள்? நான் கோயில் ஐயரிட்டைச் சொல்லிப்போட்டன்."

எனக்குத் திக்கென்றது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குள்ளேயே போகிறோம். சொக்ஸும் காலுக்குரியது என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை. ஒருவரும் போடாத சொக்ஸ் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வாரம் முழுக்கப் பயந்தேன். அந்தப் பிள்ளைகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போகும்போதே ஐயர் மண்டபத்தில் நின்றார். கையில் ஏதோ பொட்டலம்.

"எங்கை, அந்தப் பிள்ளையாரை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தும்பிக்கை நல்லா வந்திருக்கு. ஆனா சொக்ஸ் வேண்டாம், ரீச்சர்." பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் பட்டு. "இது பிள்ளையாருக்குச் சாத்தின பட்டு. இதிலை தையுங்கோ. கதையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. பிள்ளையள் வீடு வீடாச் சொல்லித் திரியுதுகளாம்."

அப்பாடா! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை எழும்பினாள்.

"அப்ப முருகனுக்கு மட்டும் சொக்ஸோ, ஐயா?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பழத்துக்கு வந்த சண்டை போதாதென்று பட்டுக்கும் ஒன்றா?

"பொறுங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஐயர் முருகன் சந்நிதிப் பக்கம் விறுவிறென்று நடந்தார்.